எச்சரிக்கை வந்தால் ஓகே கொடுக்கவும்

சேசு மரி சூசை துணை

சேக்காடு, ஆவடி
8 செப்டம்பர் 2024, மாதா பிறந்தநாள்

அன்புள்ள சிஸ்டர் இமெல்டாவுக்கு,

இன்று காலை பத்தேகாலுக்கு எங்கள் வீட்டு முன்அறையில் இருந்தவர்கள்: நான், உங்கள் மாமா, பெனிஷா, கோயில் பாட்டுக் குழுவில் இருக்கும் எதிர்வீட்டு சரசா அக்கா. வேறு யாரும் இல்லை. லேப்டாப் தானாக எதையோ புதுப்பித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அதன் பேட்டரி போன வருஷமே செத்துவிட்டது. கரண்ட் வந்து திரும்பப் போட்டால் நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. இப்போது மாலை ஆறு ஆகிறது, இன்னும் சுற்றுகிறது.

உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? குளிரில் முழங்கால் போட்டு ஜெபிக்க முடிகிறதா? இங்கே எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடுகிறோம்.

உங்கள் மாமாவின் தொண்டையில் குரல் பெட்டியை எடுத்து நாளையோடு தொண்ணூறு நாள். கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது. பெனிஷா வாங்கித் தந்த சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். ஒரு பட்டனை அமுக்கினால் எழுதியதெல்லாம் அழிந்துபோகிற சிலேட். பதினொரு வருஷம் கோயிலில் அவர் பாடிய பதிலுரைப் பாடல்கள் அந்த லேப்டாப்பில் இருக்கின்றன. என் நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன், நானூற்றுப் பன்னிரண்டு. அவர் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அதுதான். மாதா திருநாளில் கேட்கலாம் என்று சரசா அக்கா ஆசைப்பட்டதால்தான் இன்று திறந்தோம். உங்கள் மாமா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்பது வருஷம் கம்ப்யூட்டர்களை மேய்த்தவர் நீங்கள். வழி சொல்லுங்கள்.

அன்பு அக்கா,
சகாயமேரி

•

அடைப்பு மடம், திண்டுக்கல் மாவட்டம்
22 செப்டம்பர் 2024

அன்பு அக்கா,

உன் கடிதத்தை மதர் படித்துவிட்டு நேற்றுதான் கையில் தந்தார். இங்கே முறை உனக்குத் தெரியும். மாதம் ஒரு கடிதம், ஒரே தாள், தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் அதுவும் கிடையாது. முட்டி அப்படியேதான் இருக்கிறது. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன்.

பயப்படாதே. கெட்டது விண்டோஸ் மட்டும்தான். பாட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கும். வேறு ஒரு சிஸ்டத்தை வெளியிலிருந்து கொடுத்து லேப்டாப்பை எழுப்பினால் எடுத்துவிடலாம். அதற்கு லினக்ஸ் போதும், காசு கிடையாது. பிறகு பெனிஷா அதையே வைத்துக்கொண்டு படிக்கலாம். என் பழைய டிரங்குப் பெட்டியில் ‘லினக்ஸ்’ என்று மார்க்கரில் எழுதிய ஒரு டிஸ்க் இருக்கும். லேப்டாப் பக்கவாட்டில் உள்ள தட்டில் அதை வைத்து ஆன் செய்.

கடைக்காரர் யாரிடமும் கொடுக்காதே. அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அழிப்பது.

மாமாவின் சிலேட்டில் என் வணக்கத்தை எழுதிக் காட்டு.

இமெல்டா

•

சேக்காடு
6 அக்டோபர் 2024

அன்புள்ள சிஸ்டருக்கு,

நீங்கள் நலமா? இங்கே ஒரே மழை. பருத்திப்பட்டு ஏரி ரொம்பிவிட்டது என்று சொல்கிறார்கள்.

டிரங்குப் பெட்டியில் டிஸ்க் கிடைத்தது. ஆனால் இந்த லேப்டாப்பில் தட்டு இல்லை. இடது பக்கம்: சார்ஜர் ஓட்டை, பென்டிரைவ் ஓட்டை ஒன்று. வலது பக்கம்: பென்டிரைவ் ஓட்டை இரண்டு, ஹெட்போன் ஓட்டை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பெனிஷா சிரித்துச் சிரித்து, “மம்மி, சித்தி உள்ள போய் ஏழு வருஷம் ஆவுது. இப்ப எவன் டிஸ்க் போடறான்? அத்த மாடியில கட்டு, புறா வராது” என்றாள். உங்கள் மாமாவும் சிரித்தார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

ஒரு தப்பு செய்துவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். “ஃபார்மட் அடிச்சா குதிர மாறி ஓடும்க்கா. உள்ள இன்னா கீது, போட்டோதான?” என்று கேட்டு ஸ்க்ரூவைத் திருப்ப ஆரம்பித்துவிட்டான். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யூடியூப்பில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கு உங்கள் கையெழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு வந்தால்தான் கை ஓடும். நீங்கள் எழுதாத எதையும் நான் தொடமாட்டேன்.

டிஸ்க் இல்லாமல் எப்படி என்று எழுதுங்கள்.

சகாயமேரி

•

அடைப்பு மடம்
20 அக்டோபர் 2024

அன்பு அக்கா,

பெனிஷா சொன்னது சரிதான், நான் பழைய ஆள். பென்டிரைவே டிஸ்க்கின் வேலையைச் செய்யும். தாள் சிறியது, நேராகப் படிகளுக்கு வருகிறேன்.

1. எட்டு ஜிபிக்குக் குறையாத ஒரு பென்டிரைவ் எடுத்துக்கொள்.
2. பிரவுசிங் சென்டருக்குப் போ. லினக்ஸ் கோப்பை இறக்கு. அதன் பெயர் ஐஎஸ்ஓ என்று முடியும். ஒரு மணி நேரம் ஆகலாம்.
3. அந்தக் கோப்பை அப்படியே காப்பி செய்தால் வேலை செய்யாது. பென்டிரைவை எழுப்பும் டிரைவாக மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்று உண்டு. சென்டர்காரருக்குத் தெரிந்திருக்கும்.
4. அதில் பென்டிரைவைக் காட்டு, ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டு, ஸ்டார்ட் கொடு.
5. எச்சரிக்கை வந்தால் பயப்படாமல் ஓகே கொடு.
6. முடிந்ததும் லேப்டாப்பில் செருகி, ஆன் செய்த நொடியிலிருந்து எஃப் பன்னிரண்டை விடாமல் தட்டு.

தாள் முடிந்தது. மாமாவுக்காக நாள் தவறாமல் ஜெபிக்கிறேன்.

இமெல்டா

•

சேக்காடு
10 நவம்பர் 2024

அன்புள்ள சிஸ்டருக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொன்னேன்.

நேற்று நடந்ததை நோட்டில் எழுதியபடியே தருகிறேன்.

காலை 9.40. பென்டிரைவ் வேண்டும் என்று வீட்டில் கேட்டேன். உங்கள் மாமா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நீல நிறம், பழைய ஜெபமாலைக் கயிற்றில் கட்டியது. புதிதாக வாங்கும் செலவு மிச்சம்.
10.25. ஸ்டேஷன் எதிரில் பிரவுசிங் சென்டர். நானும் பெனிஷாவும்.
11.50. கோப்பு இறங்கியது. அங்கிருந்த பெண்ணுக்கு அந்த மென்பொருள் தெரிந்திருந்தது.
11.58. இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அந்தப் பெண் திரும்பி, “ஆன்ட்டி, பார்த்துட்டீங்களா?” என்றாள். உங்கள் கடிதத்தை விரித்து ஐந்தாம் நம்பரைக் காட்டினேன். ஓகே.
12.09. முடிந்தது.

வீட்டுக்கு வந்து எஃப் பன்னிரண்டைத் தட்டினேன். பெனிஷா தட்டினாள். சரசா அக்காவும் வந்து தட்டிப் பார்த்தார். “இன்னாடி இது, மீன்காரன் பலக தட்ற மாறி” என்று ஒரே சிரிப்பு. அதே வட்டம்தான் சுற்றுகிறது.

எங்கே தப்பு விட்டேன்?

சகாயமேரி

•

அடைப்பு மடம்
24 நவம்பர் 2024

அன்பு அக்கா,

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் முடியும்வரை எழுத முடியாது. அவசரமாக இது.

நீ தப்பு விடவில்லை. அந்த லேப்டாப்பில் ஒரு காவல் இருக்கிறது. தனக்குத் தெரியாத டிரைவை உள்ளே விடாது. ஆன் செய்ததும் எஃப் இரண்டைத் தட்டு, ஒரு பட்டியல் வரும். அதில் செக்யூர் பூட் என்று இருப்பதை ஆஃப் செய். பிறகு எந்த டிரைவில் முதலில் எழ வேண்டும் என்ற வரிசையில் யூஎஸ்பியை மேலே கொண்டு போ. சேமித்து வெளியே வா.

இன்னொன்று. நான் மடத்துக்குக் கிளம்பிய அன்று மாமாவுக்கு ஒரு நீல பென்டிரைவ் கொடுத்தேன். பாடுகிற பாட்டையெல்லாம் ஞாயிறுதோறும் இதிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள், லேப்டாப்பை நம்பாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். என் ஜெபமாலைக் கயிற்றில்தான் கட்டியிருந்தேன்.

நீ கொண்டுபோனது அதுவா? அதில் என்ன இருந்தது?

இமெல்டா

•

சேக்காடு
27 டிசம்பர் 2024

அன்புள்ள சிஸ்டருக்கு,

கிறிஸ்து பிறப்பின் சமாதானம் உங்களோடும் மடத்துச் சகோதரிகளோடும் இருப்பதாக. இங்கே குடில் வைத்தோம். நள்ளிரவுப் பூசைக்கு மூன்று பேரும் போனோம். பதிலுரைப் பாடலை ஒரு சின்னப் பெண் பாடினாள். நன்றாகவே பாடினாள். உங்கள் மாமா புத்தகத்தைத் திறக்கவில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கேக் அவரால் விழுங்க முடியவில்லை, பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன்.

நீங்கள் சொன்னபடி செக்யூர் பூட்டை ஆஃப் செய்தேன். யூஎஸ்பியை மேலே கொண்டு போனேன். முதல் தடவையே எழுந்துகொண்டது. லினக்ஸ் வந்துவிட்டது. திரையில் இரண்டு வாசல் தெரிகிறது. ஒன்று, போட்டுப் பார். இன்னொன்று, நிரந்தரமாகப் போடு. எதில் நுழைவது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் அணைத்துவிட்டேன்.

பெனிஷாவுக்குப் பிராஜெக்ட் இருக்கிறது. மார்ச்சுக்குள் லேப்டாப் வேண்டும் என்கிறாள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நல்லெண்ணெய் தேய்த்து முட்டியை உருவிக்கொள்ளுங்கள்.

சகாயமேரி

•

அடைப்பு மடம்
8 ஜனவரி 2025

அன்பு அக்கா,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். குடில், கேக், முட்டி எல்லாம் இருக்கிறது. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பால்காரன் நாலு நாள் வராததைக்கூட நோட்டில் எழுதுகிறவள் நீ. நீ மறந்திருக்க மாட்டாய்.

பென்டிரைவில் என்ன இருந்தது? பதில் வந்த பிறகுதான் அடுத்த படி எழுதுவேன்.

இமெல்டா

•

சேக்காடு
26 ஜனவரி 2025

அன்புள்ள சிஸ்டருக்கு,

எழுதக்கூடாது என்று இருந்தேன். கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

நவம்பர் முப்பதாம் தேதி உங்கள் கடிதம் கிடைத்தது. அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போய் நீல பென்டிரைவைச் செருகிப் பார்க்கச் சொன்னேன். அதில் லினக்ஸைத் தவிர ஒன்றும் இல்லை. “அன்னிக்கே வார்னிங்ல போட்டிருந்துச்சே ஆன்ட்டி, உள்ள இருக்கற எல்லாம் அழிஞ்சிடும்னு. நீங்கதான் லெட்டரக் காட்டினீங்க” என்றாள் அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்தேன். உங்கள் மாமா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பென்டிரைவைக் காட்டி, “இதுல உங்க பாட்டெல்லாம் இருந்துச்சாமே” என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு சிலேட்டை எடுத்தார்.

“ஆமா.”

“நான் இன்னாத்துக்குக் கேக்கறேன்னு தெரியாம குடுத்துட்டீங்களா?”

பட்டனை அமுக்கி அழித்தார். திரும்ப எழுதினார். “தெரியும்.”

இமெல்டா, லேப்டாப் கெட்ட நாளிலிருந்து எத்தனை நாள் அழுதேன் தெரியுமா? அத்தனை நாளும் அது அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. வாயைத் திறக்காதவர், சிலேட்டையும் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “நீ கேட்ட, குடுத்தன்” என்று எழுதி அதையும் அழித்துவிட்டு, மிச்சத் துணியை உலர்த்தப் போய்விட்டார்.

உனக்குத் தெரிந்தால் ஒவ்வொரு ஜெபத்திலும் அந்த ஐந்தாம் நம்பர் வந்து நிற்கும் என்றுதான் எழுதவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வாரம் இருந்தது, இப்போது இல்லை.

உன்னை ‘நீ’ என்று எழுதிவிட்டேன். மடத்துக்குப் போனவளை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று அம்மா அன்றைக்கே சொன்னார்கள். அடித்துத் திருத்த மனசில்லை.

அக்கா

•

அடைப்பு மடம்
10 பிப்ரவரி 2025

அன்பு அக்கா,

உன் கடிதத்தை மதர் என்னிடம் தந்துவிட்டு, இன்று நீ சமையலறைக்கு வர வேண்டாம் என்றார்.

அக்டோபரில் அந்தத் தாளின் அடியில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியானதை எடு என்று எழுதுவதா, மாமாவுக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதுவதா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். அக்காவுக்கு இதுகூடத் தெரியாமலா இருக்கும் என்று ஜெபத்தை எழுதினேன். மதரிடம் கேட்டிருந்தால் இன்னொரு தாள் தந்திருப்பார். ஒரு தாளில் முடித்தேன் என்ற பெருமை எனக்கு இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

லேப்டாப்பில் பாட்டுகள் இருக்கின்றன. அவை அழியவில்லை. செய்ய வேண்டியது இது.

புதிதாக ஒரு பென்டிரைவ் வாங்கு. நீல டிரைவில் லேப்டாப்பை எழுப்பி, ‘போட்டுப் பார்’ வாசலில் நுழை. அதில் எதுவும் அழியாது. லேப்டாப்பின் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் திற, பாட்டு வைத்த ஃபோல்டரைப் புதிய பென்டிரைவுக்குக் காப்பி செய். காப்பியைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் போட்டுக் கேள். எல்லாம் ஒலிக்கிறது என்று உறுதியான பிறகு ‘நிரந்தரமாகப் போடு’ கொடு. மொத்த டிஸ்க்கையும் அழித்துவிட்டு லினக்ஸ் போடவா என்று கேட்கும். கடைசியாக ஒரு எச்சரிக்கை வரும்.

அந்த ஓகேவை மட்டும் என் பேச்சைக் கேட்டுக் கொடுக்காதே.

இது இரண்டாம் தாள். மதர் அனுமதித்தார்.

இமெல்டா

•

சேக்காடு
24 பிப்ரவரி 2025

இமெல்டா,

நீ சுகமாக இருக்கிறாயா? சமையலறைக்குப் போகிறாயா? இங்கே இருப்பதை எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு, பூசை முடிந்து வந்து பத்து மணிக்கு முன்அறையில் இருந்தவர்கள்: நான், உன் மாமா, பெனிஷா. ‘போட்டுப் பார்’ வாசலில் நுழைந்தேன். டிஸ்க்கைத் திறந்தேன். ஃபோல்டர் இருந்தது, நானூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. காப்பி செய்வதற்கு முன்னால் ஒன்றையாவது கேட்போம் என்று கை பரபரத்தது. நீ எழுதாததைச் செய்தேன். நடுவில் ஒன்றைத் தொட்டேன்.

அது பாட்டு இல்லை. பாட்டு ஒத்திகை. “சரசா, சுதி எங்கியோ போவுது பாரு. ரயிலு நெமிலிச்சேரி தாண்டிடிச்சி, நீ இன்னும் ஆவடியிலயே நின்னுகினு கீற” என்று அவர் குரல். பின்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஆண்டவரே என் ஆயர்” என்று எடுத்தார். பெனிஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். சத்தியமாக மறந்துவிட்டோம்.

கை தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். சிலேட்டை நீட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருந்தாரோ.

“அது செத்துப்போனவன். நான் உசுரோட கீறன். இங்க பாருங்க.”

பாட்டை நிறுத்தினேன். அவர் கழுத்து ஓட்டை விசிலடிக்கிற மாதிரி மூச்சு வாங்கியது. அழித்துவிட்டு எழுதினார். “எல்லாத்தையும் அழி. பாப்பா படிக்கட்டும்.” பெனிஷா, “டாடி, எனக்கு லேப்டாப்பே வேணாம்” என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

இன்று காலை காபி கொடுக்கும்போது சிலேட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். “அழிச்சிட்டியா?” இல்லை என்று தலையாட்டினேன். மதியமும் அதையே காட்டினார். அந்த ஒன்றை மட்டும் பட்டனை அமுக்கி அழிக்காமல் வைத்திருக்கிறார்.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ‘நிரந்தரமாகப் போடு’ வாசலில் நுழைந்துவிட்டேன். மொத்த டிஸ்க்கையும் அழிக்கவா என்று கேட்டுவிட்டு நிற்கிறது. நீ சொன்ன புதிய பென்டிரைவ் மாதா சுரூபத்துக்குப் பின்னால் உறை பிரிக்காமல் இருக்கிறது. இந்த வாசலிலிருந்து திரும்பி வந்து அவருக்குத் தெரியாமல் ஒரு பிரதி எடுக்க அரை மணி நேரம் போதும். எனக்குத் தெரியாமல் என் கையாலேயே அழிக்க வைத்தார் அவர். அவருக்குத் தெரியாமல் நான் காப்பாற்றி வைத்தால் அது பாவமா? டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அவர் முந்திக்கொண்டால் எனக்கு என்ன இருக்கும்? ஆனால் உயிரோடு இருக்கிறவர் கண்ணெதிரில் சிலேட்டை நீட்டும்போது அவரை விட்டுவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்தேனே, அது பாவம் இல்லையா?

பெட்டியை நான் அணைக்கலாம், திரும்பவும் எழும். அவரிடம் தினமும் இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருக்க என்னால் முடியாது. பொய்யாக ஆமாம் என்று ஆட்டவும் முடியாது.

இதை மட்டும் உன் பேச்சைக் கேட்டு நான் செய்யக்கூடாது என்று எழுதியிருந்தாய். நீ எழுதாத எதையும் நான் தொட்டதில்லை, ஒரு தடவையைத் தவிர. அது எப்படி முடிந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மார்ச் ஐந்து சாம்பல் புதன். அதற்குப் பிறகு நாற்பது நாளுக்கு உன்னிடமிருந்து ஒரு வரி வராது. இது உனக்கு வியாழக்கிழமை கிடைக்கும். மதரிடம் சொல்லி அன்றைக்கே எழுது. ஒரு தாள் வேண்டாம், ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

அக்கா
சகாயமேரி